தொடாமல் ஒரு மணி நேரம்

அடுக்களைக்குள் தகர டப்பா விழுந்து உருளும் சத்தம் கேட்டது. முன்னறையில் உட்கார்ந்திருந்த ஜெபசுதா ஓட எழுந்தாள். எதிரே இருந்த பேராசிரியை அனுசியா கண்ணாலேயே அவளை அடக்கினாள். இருவரும் மெதுவாகப் போய் அடுக்களை வாசலில் நின்றார்கள். மாடி வீட்டு ஜெனிலா, இரண்டு வயதுக்காரி, முறுக்கு டப்பாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

ஜெபசுதாவுக்கு நாற்பத்தேழு வயது. நாசரேத்தில் பிறந்து, துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் தேவமணிக்கு வாழ்க்கைப்பட்டு, இரண்டு மகன்களையும் ஆளாக்கிவிட்டு, சமுதாயக் கல்லூரியில் மனித வளர்ச்சியும் குடும்பவியலும் படிக்கச் சேர்ந்தவள். தாய்ப்பாசம் பற்றிய பாடம் நடந்த அன்று அவள் அழுத அழுகையில், பாடத்தைக் கவனிக்காத பிள்ளைகளும் சேர்ந்து அழுதார்கள்.

எழுத்துத் தேர்வில் அவள்தான் முதல். கவிழ்த்தது செய்முறைத் தேர்வு. ஒரு குழந்தையை ஒரு மணி நேரம் பார்க்க வேண்டும். பேசக் கூடாது, தொடக் கூடாது, உதவக் கூடாது. பார்த்ததை மட்டும் நேரம் போட்டு எழுத வேண்டும். அவர்கள் தெருவிலோ, வாசல் தாண்டி வந்த பிள்ளைக்கு மூக்கைத் துடைத்து, வாயில் எதையாவது ஊட்டிய பிறகுதான் யார் வீட்டுப் பிள்ளை என்றே கேட்பார்கள். முதல் தடவை பதினோராவது நிமிடத்தில் ஜெபசுதா இட்லி ஊட்டிவிட்டாள். இரண்டாம் தடவை குழந்தைக்குத் தலை பின்னி, பவுடரும் போட்டுவிட்டாள். இது கடைசி வாய்ப்பு. தவறினால் சான்றிதழ் இல்லை. மீன் கம்பெனிப் பெண்களின் பிள்ளைகளுக்காகத் திறக்கவிருக்கும் காப்பகத்தில் சொல்லிவைத்திருந்த வேலையும் இல்லை.

"சும்மா இருக்கதுக்கு ஒரு படிப்பு. அதுலயும் ரெண்டு தடவ பெயிலா ஏளா?" என்று கேட்டுவிட்டுத்தான் தேவமணி காலையில் வேலைக்குப் போயிருந்தான்.

ஜெனிலா மூடியைக் கடித்தாள். டப்பாவின் மேல் ஏறி உட்கார்ந்தாள். தரையில் ஓங்கி அடித்தாள். எதற்கும் அது மசியவில்லை. நிமிர்ந்து ஜெபசுதாவைப் பார்த்து, "அத்த" என்றாள். கீழுதடு துடித்தது. ஜெபசுதா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். கண்ணீர் நோட்டில் சொட்ட, பேனா மட்டும் நிற்காமல் ஓடியது. பெற்ற பிள்ளையைக் கப்பலேற்றி அனுப்பிய தாய்கூட அப்படி நின்றிருக்க மாட்டாள்.

குழந்தை வீறிட்டது. ஒரு கை நீண்டு, மூடியைத் திருகி, முறுக்கை எடுத்து நீட்டியது.

அது அனுசியாவின் கை.

மீதி நேரமும் முடிந்ததும் அனுசியா நோட்டை வாங்கிப் படித்தாள். '10.48: குழந்தை அழுதது. அனுசியா மேடம் டப்பாவைத் திறந்து முறுக்கு கொடுத்தார். அழுகை நின்றது.' நோட்டு வெளித்தேர்வாளருக்குப் போகும் என்றும், அந்த ஒரு வரியை அடித்துவிடலாமே என்றும் இழுத்தாள்.

அனுசியா கையெழுத்துப் போடாவிட்டால் தேர்ச்சி இல்லை என்று ஜெபசுதாவுக்குத் தெரியும். ஆனாலும், "பாத்தத எழுதச் சொன்னது நீங்கதான மேடம். பாத்துட்டேனே, என்ன செய்ய?" என்றாள்.

அனுசியா பேனா மூடியைக் கடித்தாள். பிறகு அந்த வரிக்குக் கீழேயே, 'மாணவி தலையிடவில்லை. தேர்ச்சி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

வாசலில் செருப்பை மாட்டும்போது, "காலேஜ்ல யார்ட்டயும் சொல்லிராதீங்கக்கா" என்றாள்.

"நான் எதுக்கு மேடம் சொல்லுதேன்? அதான் எழுதியாச்சே."

அனுசியா சிரித்துக்கொண்டே தெருவில் இறங்கிப் போனாள். அவள் முனை திரும்பும் வரை பார்த்திருந்துவிட்டு, ஜெபசுதா கதவைச் சாத்தினாள்.