பாட்டில் விட்ட மூச்சு

மல்லசமுத்திரத்தில் கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்த சென்னியம்மாள், புருஷன் போன பிறகு சேலத்தில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரிக்கு ஆயாவாக வந்தாள். பத்து வருஷத்தில் எதற்கும் அசராதவள் என்று பேரெடுத்தாள். ஒரே ஒரு சத்தம் மட்டும் அவளைக் கதிகலங்க வைத்தது.

எண்பத்து மூன்றில் புதிதாக வந்த டாக்டரம்மா, குறைமாதக் குழந்தைகளின் தொண்டையில் குழாய் இறக்குவதைக் கூடுமானவரை தவிர்த்தார். மூக்கில் சிறு குழாய் வைத்துக் காற்றைச் செலுத்துவார். அதன் மறுமுனை தண்ணீர் பாட்டிலுக்குள் மூழ்கியிருக்கும். அந்த அழுத்தத்தில் பிஞ்சு நுரையீரல் சுருங்காமல் நிற்கும், பாட்டில் கொப்பளித்துக்கொண்டேயிருக்கும். தாய்மார்களுக்கு அது தாலாட்டு.

சென்னியம்மாளும் பாட்டில் வந்த முதல் மாதம் அதை நம்பித்தான் ஒரு குழந்தையின் பக்கத்தில் நிம்மதியாக உட்கார்ந்திருந்தாள். துணி மாற்றத் தொட்டால், குழந்தை சில்லிட்டுக் கிடந்தது. பாட்டில் மட்டும் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. பாழாய்ப்போன பாட்டில், அதற்கென்ன தெரியும்!

பள்ளிபாளையத்துக் கந்தம்மாளுக்கு முதல் இரண்டும் தங்கவில்லை. மூன்றாவது ஏழரை மாதத்திலேயே பிறந்துவிட்டது. அவள் பாட்டிலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

"சத்தம் நல்லா வருதுங்கக்கா. நீங்க போயிச் சோறு உண்டுட்டு வாங்க" என்றாள் ஒரு மத்தியானம்.

சென்னியம்மாளுக்கு இரண்டு வாய்கூட இறங்கவில்லை. குழந்தையின் மூச்சுக்கு மூச்சு லேசாக ஏறி இறங்கும் பாட்டில் சத்தம், உள்ளேயிருந்து ஏற்ற இறக்கமே இல்லாமல் ஒரே சீராக வந்தது. எச்சில் கையோடு ஓடிவந்து, இடது கையைக் குழந்தையின் வயிற்றில் வைத்தாள். அசைவில்லை. உதடு நீலம் பாரித்திருந்தது. உள்ளங்காலைச் சுண்டினாள். மறுபடி சுண்டினாள். முதுகை நீவினாள்.

"தூங்கற புள்ளைய ஏனுங்க அடிக்கறீங்க?" கந்தம்மாள் சீறினாள். "அதான் மூச்சு வருதில்லீங்க!"

குழந்தை ஒருமுறை விக்கியது. வயிறு எழும்பியது. பூனைக்குட்டி மாதிரி அழுதது.

சென்னியம்மாள் பக்கத்துக் காலித் தொட்டிலில் கிடந்த குழாயில் காற்றைத் திறந்துவிட்டு, மூக்கில் வைக்கும் முனையைக் கட்டைவிரலால் அடைத்தாள். பாட்டில் அதேபோலக் கொப்பளித்தது. ஆளில்லாத தொட்டில், அதே தாலாட்டு. கந்தம்மாளுக்கு முகத்தில் ரத்தம் வற்றிப்போனது.

"உசுரு இருந்தாலும் இல்லாட்டியும் இதுக்கு ஒண்ணுதான் சாமி. கைய இங்க வெய்யி."

கந்தம்மாள் வைத்தாள். விரலுக்கடியில் வயிறு ஏறி இறங்கியதும் குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

பதினோராம் நாள் குழாயைக் கழற்றும்வரை, சோற்றுக்குக்கூட அந்தக் கையை அவள் எடுக்கவில்லை. சென்னியம்மாள்தான் பிசைந்து ஊட்டினாள்.