மழையில் உப்பளத்துக்குப் போன அப்பா

போன வாரம் மீன் மார்க்கெட்டில் மாட்டிக்கொண்டேன்.

வழக்கமாக எனக்கு மீன் கொடுக்கும் அம்மா, சங்கரா மீனின் செதிலைச் சுரண்டியபடியே கேட்டார். “என்னா டீச்சர், பொண்ணுக்கு வெளிநாட்டுல தலைப்பிரசவம்னு சொன்னீங்க... நீங்க இங்க மீன் வாங்கிட்டு நிக்கிறீங்க?”

“குழந்தை பொறந்துடுச்சும்மா. பொண்ணு. நான் போகலை” என்றேன்.

அவர் கை நின்றுவிட்டது. “பெத்தவ போகலையா?”

அந்தக் கேள்விக்கு மார்க்கெட்டில் நின்றுகொண்டு பதில் சொல்ல முடியாது. இந்தப் பக்கத்தில் சொல்லலாம். உங்களிடம் நான் எதைத்தான் மறைத்திருக்கிறேன்?

லீனா எங்களுக்கு ஒரே மகள். அவளும் மாப்பிள்ளை அருளும் அயர்லாந்தில் வேலை பார்க்கிறார்கள். அவள் உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்த அன்றே நான் பெட்டியை இறக்கிவிட்டேன். விசா, டிக்கெட் எல்லாம் ஆயிற்று. ஒன்பதாம் மாதம் போய் இறங்குவது, மூன்று மாதம் கூட இருப்பது... இதுதான் பிளான். சுக்கு, பூண்டு லேகியம், துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய வேட்டித் துணிகள் எல்லாம் பெட்டிக்குள் போய்விட்டன.

ஒவ்வொரு போனையும் லீனா ஒரே மாதிரிதான் முடிப்பாள். “நீ வந்துடுவ இல்லம்மா... அது போதும்.”

அவளுக்கு ஏழாம் மாதம் நடக்கும்போது, ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். பனியன் முழுக்க வேர்வை. பக்கத்து வீட்டு காரில் பாண்டிச்சேரிக்குப் பறந்தோம். எத்தனையோ முறை போன ஈ.சி.ஆர். ரோடு அவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வழியில் அவர் பேசியது ஒரே வாக்கியம்.

“லீனாகிட்ட சொல்லிடாத.”

ஸ்டென்ட் வைத்து நாலாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். அவருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினேன். வயிற்றுப்பிள்ளைக்காரியிடம் இதையெல்லாம் சொல்லலாமா? என் தம்பி வந்து தங்குகிறேன் என்றான். வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். அவன் மனைவி லீனாவோடு வாட்ஸ்அப்பில் பேசுகிறவள். வாய் தவறிவிட்டால்?

சிக்கல் என்னவென்றால், அப்பாவும் மகளும் தினமும் பேசுகிறவர்கள். இப்போதோ, லீனா என்ற பேரைக் கேட்டாலே இவருக்குக் குரல் உடைந்துவிடுகிறது. அதனால் நான் சமாளித்தேன். அப்பா தூங்கறார். அப்பா கோயிலுக்குப் போயிருக்கார். அப்பா குளிக்கறார். ஒரு மனிதர் ஒரு நாளைக்கு எத்தனை முறைதான் குளிப்பார்?

இப்படி ரெண்டு வாரம் ஓடியது. திடீரென்று அவள் பக்கம் வீடியோ நின்றது. “கேமரா ரிப்பேர்மா” என்றாள். வெறும் குரல் மட்டும். பின்னால் அடிக்கடி ‘பீப் பீப்’ என்று ஒரு சத்தம்.

“என்னடி அது?”

“மைக்ரோவேவ்மா.”

நம்பினேன். உண்மையைச் சொன்னால், நம்ப விரும்பினேன். வீடியோ இல்லையென்றால் மேஜை மேல் இருக்கிற மாத்திரைகளை அவள் பார்க்க முடியாதே. மகளின் முகம் தெரியாததில் ஒரு தாய்க்கு நிம்மதி... யோசித்துப் பாருங்கள்.

ஐந்தாம் நாள் சாயங்காலம். வெளியே மழை கொட்டுகிறது. லீனா போனில் கேட்டாள்.

“அப்பா எங்கம்மா?”

குளியல், தூக்கம், கோயில் எல்லாம் தீர்ந்து போயிருந்தது. “உப்பளத்துக்குப் போயிருக்கார்” என்றேன்.



“அம்மா, அங்க மழை பெய்யுதா?”

“ஆமா. மூணு நாளா விடாம பெய்யுது.”

“இந்த மழையில உப்பளத்துல அப்பாவுக்கு என்ன வேலை?”

அவள் உப்பளக்காரர் மகள். ஐப்பசி மழை இறங்கிவிட்டால் பாத்தியெல்லாம் வெள்ளக்காடு, தை மாதம் வரை அங்கே கால் வைக்கக்கூட வேலை இருக்காது என்று என்னைவிட அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும். பொய்யை நான் தப்பான மாதத்தில் சொல்லிவிட்டேன்.

அடுத்த பொய்யைத் தேடுவதற்குள் அவள் பக்கம் மறுபடி ‘பீப் பீப்’. எனக்கும் அப்போதுதான் உறைத்தது.

“அஞ்சு நாளா அந்த மைக்ரோவேவ்ல என்னடி சுடுற?”

நாலடி தள்ளிக் கட்டிலில் படுத்திருந்தவர் மெல்ல எழுந்து உட்கார்ந்தார். “போனை இங்க குடு” என்றார். கொடுத்தேன்.

“லீனா, அப்பாதான். எனக்கு ஹார்ட்ல அடைப்பு. ஸ்டென்ட் வெச்சிருக்காங்க. மூணு வாரம் ஆச்சு. இப்ப உக்காந்துதான் பேசிட்டிருக்கேன், பயப்படாத. நான் சொல்லிட்டேன். இப்ப நீ சொல்லு... உனக்கு என்னம்மா?”

அவள் அழுதாள். ரொம்ப நேரம் அழுதாள். இவர் போனைக் காதில் வைத்தபடி “ம்... ம்...” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். உடைந்துவிடும் என்று நாங்கள் பயந்த அந்தக் குரல் அன்றைக்கு உடையவே இல்லை.

அப்புறம் சொன்னாள். மாதம் நிறையும் முன்பே வலி வந்து, ஐந்து நாளாக ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். டிரிப் ஏறுகிறது. சீக்கிரமே பிறந்துவிட்டால் குழந்தைக்கு மூச்சு விடச் சிரமமாகுமாம், அதற்காக ஊசி போட்டிருக்கிறார்கள். வலி இப்போது அடங்கியிருக்கிறது, இன்னும் ரெண்டு நாளில் வீட்டுக்குப் போகலாம் என்றார்களாம். பகலில் அருள் வேலைக்குப் போய்விட, இவள் தனியாகப் படுத்து அந்த மிஷின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

“ஏன்டி சொல்லல?”

“சொன்னா நீ தாங்க மாட்டியேன்னுதாம்மா.”

நான் அவளுக்குச் சொல்லாததற்கும் அதே காரணம்தான்.

அடுத்து டிக்கெட் விவகாரம். “நீ வராதம்மா. அப்பாவை விட்டுட்டு வராத” என்றாள் லீனா. “நீ போ, நான் பார்த்துக்கறேன்” என்றார் இவர். எந்த மாத்திரை எந்த வேளைக்கு என்றுகூடத் தெரியாத மனிதர்.

எனக்குக் கோபம் வந்தது. “தலைப்பிரசவத்துக்குத் தாய் போகலைன்னா ஊர் என்ன பேசும்?”

“ஊர் வந்து என் குழந்தையைக் குளிப்பாட்டப் போகுதா?” என்றாள்.

சண்டை போட்டோம். மூன்று பேரும், ஒரு மணி நேரம். ஆனால் பல வாரங்களில் அன்றைக்குத்தான் நாங்கள் மூவரும் ஒரே விஷயத்தைப் பற்றிப் பேசினோம். கடைசியில் நான் போவதில்லை என்று முடிவானது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் நான் எதிர்பார்க்காதது.

லீனாவின் மாடி வீட்டில் பிரேசில் நாட்டு அம்மா ஒருவர் இருக்கிறார். மூன்று பிள்ளை பெற்றவர். ஒன்றரை வருஷமாக இவள் அவரிடம் ஹலோ தவிர வேறு பேசியதே இல்லை. அம்மாதான் வரப்போகிறாளே, யாரிடம் எதற்குக் கேட்க வேண்டும்? ‘அம்மா வரலை’ என்றான பிறகு, கூச்சத்தை விட்டு மேலே ஏறிக் கதவைத் தட்டியிருக்கிறாள். அன்று சாயங்காலமே சூப் இறங்கி வந்ததாம். இங்கே என் தம்பியும் பையைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தான். அத்தனை நாள் நான் ஒருத்தியாக வாங்கி, சமைத்து, மருந்து கொடுத்து, பொய்யும் சொல்லிக்கொண்டிருந்தேன் என்பதே அவன் வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

‘நல்லா இருக்கேன்’ என்று சொல்வது அன்பினால்தான். சந்தேகமே இல்லை. ஆனால் நன்றாக இருப்பவருக்கு யார் உதவிக்கு வருவார்கள்?

ஒரு மாதம் தாண்டியது. குறித்த தேதிக்கு மூன்று வாரம் முன்னதாகவே லீனாவுக்குப் பனிக்குடம் உடைந்தது. அருள் வேலை விஷயமாக வேறு ஊரில் இருந்தார். டாக்ஸியில் ஏற்றிக்கொண்டு போனது மாடி வீட்டு அம்மாதான். வழியிலேயே லீனா எனக்கு வீடியோ கால் போட்டாள். வலி வந்ததும் போன் அந்த அம்மா கைக்கு மாறியது. நான் தமிழில் ஏதேதோ சொன்னேன். அவர் தன் பாஷையில் ஏதோ சொன்னார். ஒருவருக்கு ஒருவர் புரியவில்லை. அவர் தன் நெஞ்சில் கை வைத்துத் தலையை ஆட்டினார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

அருள் ஓடி வந்து சேர்ந்த அரை மணியில் குழந்தை பிறந்தது. ரெண்டேகால் கிலோ. தானாகவே மூச்சு விட்டது. அழுகைச் சத்தம் போனில் கேட்டதும், அந்த மழை நாளிலிருந்து திடமாக இருந்த என் வீட்டுக்காரர் துண்டில் முகத்தை மூடிக்கொண்டார்.

டாக்டர் இவருக்குச் சரி சொன்னதும் ரெண்டு பேருமாகப் போய்ப் பேத்தியைப் பார்ப்போம். அதுவரை வீட்டில் ஒரு சட்டம். போட்டது லீனா. தினமும் போனில் ஆளுக்கு ஒரு கெட்ட செய்தியாவது சொல்லியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் நம்ப முடியாதாம்.

நேற்று அவள் சொன்னது இது. “ராத்திரி பூரா தூக்கமே இல்லம்மா. நாலு வீட்டுக்குக் கேக்கற மாதிரி கத்தறா.”

இதைக் கேட்டுவிட்டு நான் நிம்மதியாகத் தூங்கினேன் என்றால், என்னைத் தப்பாக நினைக்காதீர்கள்.