முன்னால் இன்னும் ஒன்பது லோரி

என் கதைகளில் எண்ணிக்கை அதிகம் என்கிறார்கள். அறையில் எத்தனை நாற்காலி, பஸ் வர இன்னும் எவ்வளவு நேரம், சாவி யாரிடம் இருக்கிறது என்று சொன்னதையே திரும்பச் சொல்கிறேனாம். ஆமாம், சொல்கிறேன். இந்த வயதில் அதை மாற்றிக்கொள்ளும் உத்தேசம் இல்லை. நான் கதை சொல்லப் பழகியது புத்தகத்தைப் பார்த்து அல்ல, வானொலியின் காற்பந்து வர்ணனையைக் கேட்டு.

எழுபதுகளில் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். வானொலி முன்னறையில்; தகரக் கூரை போட்ட சமையலறை பின்னால். எங்கள் வீட்டில் பந்துப் பைத்தியம் அப்பாவுக்கு அல்ல, அம்மாவுக்கு. வர்ணனை மலாய் மொழியில்; மீன் வாங்குகிற அளவுக்குத்தான் அம்மாவுக்கு அது தெரியும். வர்ணனையாளர் ஓடுகிற வேகம் பிடிபடாது. அப்பா ஷிப்ட் முடிந்து வருவதற்குள் சோறு ஆக வேண்டும், அடுப்பை விட்டு வரவும் முடியாது. அதனால் நான் வானொலியில் காதை வைத்துக்கொண்டு, கேட்டதைத் தமிழில் சமையலறைக்குக் கத்துவேன். மழை பிடித்துவிட்டால் பாதி போய்ச் சேராது.

பக்கத்து வீட்டு ஆன்டி வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்பார்: "ஏங்க்கா, ஒங்க வீட்ல சமையலா, ஸ்டேடியமா?"

"ரெண்டுந்தான். டிக்கெட் வாங்கிட்டு உள்ள வா!" என்பார் அம்மா.

கொஞ்ச நாளில் எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. வர்ணனையாளர் சொல்லாததையும் சேர்க்க ஆரம்பித்தேன். "மான் மாதிரி பாயுறான், புயல் மாதிரி திரும்புறான்..."

"மான் கெடக்கட்டும்டா! பந்து யாருகிட்ட? எத்தனைக்கு எத்தனை? இன்னும் எவ்ளோ நேரம் இருக்கு?"

வர்ணனையாளரும் இந்த மூன்றையும்தான் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நிமிடம்தான் எங்கோ ஒருவர் வானொலியைத் திருகியிருப்பார் என்று அவருக்குத் தெரியும். 'முன்னமே சொன்னேனே' என்று ஒருநாளும் அவர் அலுத்துக்கொண்டதில்லை.

ஒரு மாலை எங்கள் மாநில அணியும் எதிரணியும் ஒன்றுக்கு ஒன்று. ஆட்டம் முடியும் நேரம். கூட்டம் கத்தியது. வர்ணனையாளர் வாயைத் திறப்பதற்குள் நான் "கோல்!" என்று கூவிவிட்டேன். அம்மா கரண்டியோடு ஓடி வந்தார். பந்து கம்பத்தில் பட்டு வெளியே போயிருந்தது. உள்ளே எண்ணெய்ச் சட்டியில் அப்பளம் கரியாகிவிட்டது.

"கூட்டம் கத்துனா கோலாடா? அத்தனையும் நீயே தின்னு."

தின்றேன். ஆறு. அதற்குப் பிறகு பேச்சிலும் சரி எழுத்திலும் சரி, சத்தத்தை நம்பி நான் எதையும் அறிவித்ததில்லை.

தொண்ணூறுகளில் ஒரு பத்திரிகையின் தீபாவளி மலருக்குக் கதை கொடுத்தேன். போர்ட் கிள்ளானில் துறைமுக கேட்டுக்கு வெளியே வரிசையில் ஒரு லோரிக்காரன் காத்திருக்கிறான்; ஆஸ்பத்திரியில் மனைவிக்குப் பிரசவ வலி. சரக்கை இறக்காமல் போகவும் முடியாது. முன்னால் இன்னும் ஒன்பது லோரி, முன்னால் இன்னும் எட்டு லோரி என்று கதை நகரும். அப்போது எனக்கு எந்த மலரிலும் ஒரு கதைகூட வந்திருக்கவில்லை. ஆசிரியர் என்னைவிட மூத்தவர், நல்லவர். சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்திருந்தார்.

"தம்பி, கதை நல்லாருக்கு. இந்த லோரிக் கணக்கை மட்டும் எடுத்துடுவோம். பதினோரு எடத்துல வருது. வாசகன் முட்டாள் இல்ல லா."

"முட்டாள் இல்லண்ணே, வேல உள்ளவன். நடுவுல எந்திரிச்சுப் போயிட்டு வருவான்."

"பதினோரு தடவையா போவான்?"

"பதினாலு எடத்துல வருதுண்ணே. மூணு ஒங்க கண்ணுலயே படல."

அவர் சிரித்தார், பேனாவை மட்டும் கீழே வைக்கவில்லை. "எடுத்தா மலர்ல வரும். எடுக்காட்டி எடமில்ல."

கதையை வாங்கிக்கொண்டு, அப்போது நாங்கள் குடியிருந்த கிள்ளானுக்கு பஸ் ஏறினேன். வழியெல்லாம் கோபம் பாதி, பயம் பாதி.

வீட்டில் அம்மா தீபாவளிக்கு முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தார். வயதாகிக் காது சற்று மந்தம். சமையலறை வாசலில் நாற்காலியைப் போட்டு உரக்கப் படித்தேன். அம்மா மாவு எடுக்க உள்ளே போனார், வாசலில் யாரோ கூப்பிட்டதற்குப் போனார், திரும்பி வந்தார். எங்கே விட்டோம் என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. முன்னால் இரண்டு லோரி என்ற இடம் தாண்டி, அதில் ஒன்று கேட்டுக்குள் போனதும் மூச்சு வாங்க நிறுத்தினேன்.

"என்னடா நிறுத்திட்ட? எத்தன இருக்கு இப்ப?"

"ஒண்ணும்மா."

சட்டியில் முறுக்கு பாதி வெந்திருந்தது. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் எதிரில் நின்றார்.

அந்த மலரில் என் கதை வரவில்லை. பிறகு நானே ஒரு தொகுப்புப் போட்டேன். பதினான்கு இடமும் அதில் அப்படியே இருக்கின்றன. சந்தேகம் இருப்பவர்கள் எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.