மெமோ கேட்காத வருத்தம்

சாலை மறியல் முடிந்து இரண்டு வாரம் ஆகியிருக்கும். இடஒதுக்கீடு கேட்டு நடந்த மறியலில் கள்ளக்குறிச்சியிலிருந்து கிளம்பும் சாலைகளிலெல்லாம் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். ஒரு வாரம் பஸ் ஓடவில்லை. நான் அப்போது ஓர் இங்கிலீஷ் பத்திரிகைக்குப் பகுதிநேர நிருபர். அந்த வேலை சோறு போடாது என்பதால், பகலில் தாலுகா ஆபீசுக்கு எதிரே ஒரு தட்டச்சு நிலையத்தில் மனு அடித்துக் கொடுத்தேன். மறியல் வாரத்தில் விழுந்த மரங்களையும் நின்ற பஸ்களையும் எண்ணிப் பத்திரிகைக்குத் தந்தி கொடுத்தேன். மறியல் முடிந்ததும் வேலைக்கு வராத அரசு ஊழியர்களுக்கு மெமோ வந்தது. விளக்கம் எழுத எங்களிடம் வந்தார்கள்.

எல்லாருக்கும் ஒரே விளக்கம்தான். பஸ் இல்லை, வர முடியவில்லை. கடைசியில், 'ஐ ரிக்ரெட் தி இன்கன்வீனியன்ஸ்', ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறேன். மேலதிகாரிக்கு இங்கிலீஷில் கொடுத்தால்தான் மரியாதை என்று எல்லாரும் நம்பினார்கள். அந்த வரியை நான் யோசித்து அடித்ததே இல்லை. விரல்கள் தாமாக அடித்தன.

அந்த நர்சம்மா மத்தியான வெயிலில் வந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருப்பார். கல்வராயன் மலையில் ஒரு கிராமத்தில் வேலை. வாரம் முழுக்க மலையில் தங்கிவிட்டு, சனிக்கிழமை கச்சிராயபாளையம் சாலையில் இருக்கும் தன் ஊருக்கு இறங்கிவருவார். அப்படி இறங்கிவந்த மறுநாள்தான் மறியல் தொடங்கியது.

அடித்து நீட்டியதை எழுத்துக்கூட்டிப் படித்தார். கடைசி வரிக்கு அர்த்தம் கேட்டார். சொன்னேன்.

"இன்னா சிரமம் சார்? யாருக்கு?"

"ஆபீசுக்குத்தான்."

"ஆபீசுக்கு இன்னா சிரமம் வந்துது?"

பின்னால் உட்கார்ந்திருந்த நிலையத்து முதலாளி சிரித்தார். "அது சும்மா போடறதும்மா. வூட்டுக்கு வந்தவங்கள சாப்டீங்களான்னு கேக்கறமே, அந்த மாதிரி. சோறு இருக்குதோ இல்லியோ கேட்டுத்தானே ஆவணும்?"

நர்சம்மா சிரிக்கவில்லை. "எனக்கு வேற ஒண்ணு எழுதணும்" என்றார்.

டைப்ரைட்டரைப் பார்த்தபடியே சொன்னார். மலையில் ஒரு பெண்ணுக்கு மாதம் நிறைந்திருந்தது. சனிக்கிழமை காலையில் அவளைப் பார்த்துவிட்டு, "திங்கக்கெழம வந்துடறேன்" என்று சொல்லி இறங்கியிருக்கிறார். திங்கட்கிழமை பஸ் இல்லை. ஊர்ப் பால்காரர், அடிவாரம்வரை சைக்கிளில் கொண்டுபோய் விடுகிறேன், அங்கிருந்து நடந்து ஏறிவிடலாம் என்று கூப்பிட்டிருக்கிறார். ஊர் எல்லையில் விழுந்துகிடந்த மரத்தைத் தாண்டிப் போக வேண்டும். அங்கே நின்றவர்களில் நர்சம்மாவின் கணவரும் ஒருவர்.

"கோடாலிய வெச்சிக்கினு நின்னுக்கினு இருந்தாரு சார். கேட்டிருந்தா விட்டிருப்பாங்க. ஆஸ்பத்திரி வண்டிய விட்டாங்களே. நாலு பேர் எதிர்ல அவருக்கு ஒரு மாதிரி ஆயிடும்னு நான் கேக்கவே இல்ல. பால்காரர அனுப்பிட்டேன்."

அந்தப் பெண் ஒன்றரை நாள் வலியில் கிடந்தாள். குழந்தை செத்துப் பிறந்தது.

"அத எழுதுங்க. அதுக்கு இங்கிலீஷ்ல இன்னா வார்த்த?"

ஒரு வேஸ்ட் பேப்பரைச் சொருகினேன். 'ஐ ஆம் சாரி ஃபார் தி டிலே' என்று அடித்து, இது தாமதமாக வந்தால் சொல்வது, பஸ்ஸில் காலை மிதித்துவிட்டாலும் சாரிதான் என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினார். 'வி ரிக்ரெட் டு இன்ஃபார்ம் யூ' என்று அடித்து, வேலை இல்லை என்று சொல்ல கம்பெனிக்காரர்கள் எழுதுவது என்றேன். அதுவும் வேண்டாம். மிச்சம் இருந்தது ரிமோர்ஸ். அது எனக்குக் கோர்ட் செய்திகளில் பழக்கம். 'தி அக்யூஸ்டு ஷோடு நோ ரிமோர்ஸ்'. குற்றம் சாட்டப்பட்டவன் முகத்தில் செய்ததற்கான உறுத்தல் இல்லை என்று விளக்கினேன்.

"இல்லன்னு சொல்றதுக்குத்தான் அந்த வார்த்தையா? இருக்கறவங்க எப்படிச் சொல்லுவாங்க?"

கொஞ்சம் யோசித்து, 'ஐ ஃபீல் ரிமோர்ஸ் ஃபார் நாட் கோயிங்' என்று அடித்தேன். போகாமல் இருந்தது மனதை அறுக்கிறது. மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். "இது போடுங்க" என்றார்.

முதலாளி எழுந்து வந்தார். இப்போது சிரிப்பு இல்லை. "நர்சம்மா, மெமோ கேட்டது நீங்க வராத நாளுக்குக் கணக்கு. கொழந்த விஷயம் ஆபீசுக்கே தெரியாது. நீங்களா எழுதிக் குடுத்தா வேல போயிடும். ரெண்டு புள்ளைங்கள வெச்சிக்கினு இன்னா பண்ணுவீங்க?"

அவர் சொன்னது சரி. நானும் அதையேதான் சொன்னேன். நர்சம்மா வழக்கமான விளக்கத்தில் கையெழுத்துப் போட்டார். வேஸ்ட் பேப்பரை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.

அன்று சாயங்காலம் நான் அனுப்பிய மறியல் வாரத்துச் செய்திகளை எடுத்துப் பார்த்தேன். எதை எழுதினாலும் கடைசியில் ஒரே வரி: பயணிகள் அவதிக்குள்ளாயினர். மலை எதிலும் இல்லை. இப்போதாவது எழுதலாம். எழுதினால் யார் சொன்னது என்று கேட்பார்கள், சொன்னால் நர்சம்மா வேலை போகும். செய்திகளைக் கட்டிப் பரண்மேல் போட்டேன். அந்த மாதத்தில் நான் செய்த பல காரியங்கள் அப்படித்தான் முடிந்தன.

ஒரு மாதம் கழித்து நர்சம்மா மறுபடி வந்தார். விளக்கத்தை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். கூடவே மாற்றல் உத்தரவு. கணவர் யாரையோ பிடித்து, வீட்டுக்குப் பக்கத்திலேயே வாங்கியிருந்தார். அதை ரத்து செய்யச் சொல்லி மனு அடிக்க வேண்டுமாம்.

"எல்லாம் எறங்கி வரத்தான் மனு போடுவாங்க, நீங்க ஏறிப்போவப் போடறீங்களே" என்றார் முதலாளி.

"அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிட்டேன் சார்" என்றார் நர்சம்மா என்னைப் பார்த்து. "வழி இருந்துது, நான்தான் வரலன்னு."

"என்ன சொன்னாங்க?"

"மொறத்துல தெனைய பொடச்சிக்கினே இருந்துது. அப்பறம், 'உன்ன மாத்திட்டாங்கன்னு சொல்றாங்களே, மெய்யா?'ன்னு கேட்டுது. ஆமான்னேன். 'புதுசா வர்றவளுக்கு எங்க வூடு எங்க இருக்குதுன்னே தெரியாது. நீயாவது பாத்துக்கினு இருந்துட்டு, அன்னிக்கி வராம வுட்ட. அவ பாக்கவே மாட்டா'ன்னுச்சி. எம் மூஞ்சியக்கூட பாக்கல சார்."

மனுவை அடித்தேன். மலைப்பாதை தெரியும், வீடுகள் தெரியும், அங்கேயே தொடர விரும்புகிறேன். முடிக்கும்போது விரல்கள் பழக்கத்தில் ஓடிவிட்டன. 'ஐ ரிக்ரெட் தி இன்கன்வீனியன்ஸ்'.

தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்த நர்சம்மா, அந்த வரியில் விரலை வைத்தார்.

"இது வேணாம் சார். இதுல எனக்கு வருத்தம் ஒண்ணும் இல்ல."

எக்ஸ் எழுத்தை வரி முழுக்க அடித்து அதை மறைத்தேன். தாள் பார்க்க அசிங்கமாகத்தான் இருந்தது. வேறு தாளில் அடித்துத் தரட்டுமா என்று கேட்டேன். மலைக்குப் போகும் பஸ் கிளம்பிவிடும் என்று சொல்லி, அதிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.