உதட்டுப் புண் மாத்திரையும் தறிக்குழிக்கு வந்த ஏரியும்

மெடிக்கல் ஷாப்புல மருந்து எடுத்துக் குடுக்கறது சின்ன வேலை. அந்த வியாதி எதனால வந்துச்சுன்னு வர்றவங்க சொல்ற கதையைக் கேட்டு முடிக்கறதுதான் பெரிய வேலை. உங்கள்ல யாராவது கவுண்டருக்குப் பின்னாடி நின்னு பொழைக்கறவங்களா இருந்தா என் வயித்தெரிச்சல் புரியும். எனக்குப் பிள்ளையார்பாளையத்துல கடை. சுத்தி எந்தப் பக்கம் திரும்பினாலும் தறிச் சத்தம். இந்த வெயில் காலத்துல உதட்டுப் புண் மாத்திரை என்னை என்ன பாடு படுத்திச்சுன்னு கேளுங்க.

டூப்ளிகேட்டா?

உதட்டோரம் சின்னச் சின்னதா நீர்க்கொப்புளம் வரும், எரியும். சிலர் அக்கிம்பாங்க. அதுக்கு ஒரு மாத்திரை இருக்குது. டப்பாக்குள்ள மடிச்சு வெச்ச பேப்பர்ல பக்க விளைவெல்லாம் பொடி எழுத்துல போட்டிருக்கும். அதை யாரும் படிக்க மாட்டாங்கன்னு நிம்மதியா இருந்தேன். காலேஜ் படிக்கற ஒரு பொண்ணு படிச்சுட்டா. தலைவலி, குமட்டல், அப்புறம் இல்லாதது கண்ணுக்குத் தெரியறதுன்னு வரிசையா வாசிச்சுக் காட்டினா. "அதெல்லாம் எல்லாருக்கும் வராதும்மா, கிட்னி சரியில்லாதவங்களுக்கு, தண்ணி குடிக்காதவங்களுக்கு எப்பவாவது வரும், தைரியமா போடு"ன்னு அனுப்பி வெச்சேன். உதடெல்லாம் ஆறி, திரும்பி வந்து நின்னா. முகத்துல அப்படி ஒரு ஏமாத்தம்.

"ஆன்ட்டி, பேப்பர்ல இருக்கறது ஒண்ணுகூட எனக்கு வரலையே, இது டூப்ளிகேட் மாத்திரையா?"

பல்லி விழுந்த பலன்

ஏகாம்பரம் அண்ணன் பட்டு நெய்யறவர். கூடவே அவர் சம்சாரம் சரோஜாக்கா. ரெண்டு பேரும் கடைக்கு வந்தா அக்காதான் பேசும். அண்ணன் வாயைத் தொறந்தா அது கொட்டாவியாத்தான் இருக்கும். அன்னிக்கு அவர் உதடு வீங்கி, ஓரமெல்லாம் கொப்புளம். தறி மேல இருந்து பல்லி உதட்டுல விழுந்துடுச்சாம், அதான் காரணமாம். நம்ம ஊர்ல பல்லி விழுந்தா என்ன செய்வாங்க? பெருமாள் கோயிலுக்குப் போய்த் தங்கப் பல்லியைத் தொட்டுட்டு வருவாங்க. அங்கே போயிட்டு, அப்படியே டாக்டரையும் பாத்து, சீட்டோட என்கிட்ட வந்திருக்காங்க.

அண்ணனுக்கு சர்க்கரை உண்டு. அதனால ஒவ்வொரு வார்த்தையா அழுத்திச் சொன்னேன்: "அண்ணே, இந்த மாத்திரைக்குத் தண்ணி நெறைய குடிக்கணும்." அவர் தலையை ஆட்டினார். பதிலை அக்காதான் சொல்லுச்சு.

"பல்லியும் தொட்டாச்சு, மாத்திரையும் வாங்கியாச்சு, ரெண்டுல எது கேட்டாலும் எனக்குச் சரிம்மா."

சொம்பு வெளியில

மறுபடி அக்காவைப் பாத்தப்போ தண்ணி குடிக்கறாரான்னு கேட்டேன். அது சிரிச்சுது. குழித்தறியில காலைக் குழிக்குள்ள விட்டு உக்காந்தா, சும்மா சும்மா எழுந்துக்க முடியாது. தண்ணி குடிச்சா ஒண்ணுக்கு வரும், எழுந்தா கைவேகம் போயிடும். அதுவும் கையில இருந்தது முகூர்த்தப் புடவை. "சொம்பைப் பக்கத்துலயே வெச்சுட்டு வாயேன்க்கா"ன்னேன். ஏதோ கெட்ட வார்த்தை பேசிட்ட மாதிரி என்னைப் பாத்துது.

"தறியில கட்டின பாவு நூல்ல ஒரு சொட்டுத் தண்ணி பட்டாலும் கறையாயிடும்மா, அவரு தறிகிட்ட என்னை விட்டாலும் விடுவாரு, சொம்பை விட மாட்டாரு."

இன்னும் ஒரு அட்டை

நாலஞ்சு நாள் போயிருக்கும். அக்கா தனியா வந்து அதே மாத்திரை இன்னொரு அட்டை கேட்டுது. உதடு ஆறிடுச்சாம். ஆறினப்புறம் எதுக்குன்னா, நேரா முகத்தைப் பாக்காம சொல்லுது: "இந்த மாத்திரை போட்டதுலருந்து அவருக்கு சாமி வந்திருக்குதும்மா. பக்கத்து வூட்டுக்காரங்க வந்து கற்பூரம் ஏத்திட்டுப் போனாங்க. அது நிக்கக் கூடாது." எனக்கு அந்தப் பேப்பர்ல இருந்த பொடி எழுத்து ஞாபகம் வந்துடுச்சு. ஷட்டரைப் பாதி இறக்கிட்டுக் கூடவே ஓடினேன்.

வீட்டுல தறிச் சத்தம் இல்லை. கூரைக் கண்ணாடி வழியா மத்தியான வெயில் பாவு மேல விழுந்து, அறை பூரா ஒரு மஞ்சள் வெளிச்சம். அண்ணன் குழியில காலைத் தொங்கவிட்டு மெதுவா ஆட்டிக்கினு இருந்தார். குழியில தண்ணி வந்திருக்குதாம். தாமல் ஏரித் தண்ணியாம். அக்கா பொறந்த ஊரு தாமல். கெண்டை மீன் கட்டை விரலைக் கடிக்குதுன்னு சின்னப் பையன் மாதிரி சிரிக்கறார். "சரோ, வா, காலை வை, சில்லுன்னு இருக்குது. பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு உன்னை முதல்ல ஏரிக்கரையிலதான் பாத்தேன், தெரியுமா? குடத்தை எறக்கி வெச்சுட்டு வானத்தைப் பாத்துக்கினு இருந்தே. வூட்டுக்கு வந்து காப்பி குடிக்கறதுக்கு முன்னாடியே எனக்கு முடிவாயிடுச்சு." நாக்கு குழறுது, கை நடுங்குது, ஆனா சொன்ன விஷயம் பட்டு மாதிரி வழுக்கிக்கினு வருது. நானே ஒரு நிமிஷம் சொக்கிப் போய் நின்னுட்டேன், பொய் சொல்வானேன்.

ஒண்ணுக்குப் போனாரான்னு கேட்டேன். நேத்துல இருந்து போகலையாம். "அக்கா, இது சாமி இல்லை. மாத்திரை உடம்புல தங்கிப் போச்சு. இன்னும் ஒண்ணு குடுத்தா கிட்னியே நின்னுடும், ஆள் தங்க மாட்டாரு"ன்னு கத்தியே சொல்லிட்டேன். அக்கா அழல. அவர் பக்கத்துல போய் உக்காந்து, காலைக் குழிக்குள்ள விட்டுது.

"கூட்டிக்கினு போலாம்மா, கண்ணாலமான நாள்லருந்து இவரு எங்கிட்ட இப்படிப் பேசினதே இல்ல, இந்தப் பேச்சை மட்டும் முடிக்கட்டும்."

ஆட்டோவுல ஏரி

முடிக்க விடல நான். பாவமான வேலைதான், ஆனா செஞ்சேன். ஆட்டோவுல ஏத்தினதும் ஊர் பூரா தண்ணிக்குள்ள போயிடுச்சு அவருக்கு. கோபுரம் இடுப்பளவு முங்கியிருக்குதாம். புடவைக் கடை பொம்மையெல்லாம் முந்தானையை விரிச்சுக்கினு மெதுவா நீந்துதாம். பஸ்ஸு ஒண்ணு பெரிய வெரால் மீன் மாதிரி உரசிக்கினு போச்சாம். டிரைவர் தம்பியைப் பாத்து, "மெதுவா துடுப்பு போடுப்பா, சரோ நனையப் போவுது"ன்னார். அக்கா அவர் கையை விடவே இல்லை. அந்தத் தம்பி ஆஸ்பத்திரி வாசல்ல நிறுத்திட்டு என்னைத் தனியா கூப்பிட்டான்.

"அக்கா, சிரிக்காதீங்க, எனக்கே காலு ஈரமா இருக்கற மாதிரி இருக்குது."

மறுபடி முதல்லருந்து

மாத்திரையை நிறுத்தி, சலைன் ஏத்தி, ரெண்டு மூணு நாள்ல ஆள் தெளிஞ்சுட்டார். கிட்னி தப்பிச்சுது. தண்ணி வடிஞ்சுது, மீன் போச்சு, பேச்சும் போச்சு. எனக்கு சந்தோஷமாவும் இருந்துச்சு, அக்காவை நேருக்கு நேர் பாக்கவும் முடியல.

போன வாரம் அக்கா சர்க்கரை மாத்திரை வாங்க வந்துது. "எப்படிக்கா இருக்காரு?"ன்னேன், தயங்கித் தயங்கி. "டாக்டரு மணிக்கு ஒருவாட்டி தண்ணி குடிக்கச் சொல்லியிருக்காரு. தறியை வுட்டு எழுந்து வாசலுக்கு வந்துதான் குடிக்கணும்னு நான் சட்டம் போட்டுட்டேன். குடிச்சு முடிக்கற வரைக்கும் பக்கத்துல உக்காந்துக்கினு இருக்கேன். மொதல்ல சும்மா குடிச்சுட்டுப் போயிடுவாரு. நேத்து சொம்பைக் கையில வெச்சுக்கினு, 'நான் அன்னிக்கு உங்கிட்ட என்னென்ன பேசினேன்?'னு கேட்டாரு." நான் பில்லு போடறதை நிறுத்திட்டேன். நீ என்ன சொன்னேக்கான்னு கேட்டேன். அக்கா மாத்திரையை மடியில சொருகிக்கினு, கல்யாணப் பொண்ணு மாதிரி சிரிச்சுது.

"எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லன்னுட்டேன்மா, மறுபடி முதல்லருந்து அவரே சொல்லட்டும்."

ஆக, என்னைப் போலவே குடும்பம் நடத்திக்கினு இருக்கற தாய்மார்களே, வீட்டுக்காரர் திடீர்னு அன்பாப் பேச ஆரம்பிச்சா நல்லாக் கேட்டுக்குங்க, ஆனா கேட்டுக்கினே அவர் என்ன மாத்திரை போடறார்னு அட்டையையும் ஒருவாட்டி திருப்பிப் பாத்துடுங்க.