லிட்டரக்காவின் கொய்யாத் தோட்டம்

தண்ணீர் இறைக்கும் மோட்டாரின் டீசல் தொட்டிக்குள் குச்சியை விட்டு எடுத்து, ஈரம் ஏறிய இடத்தில் கட்டைவிரலை வைத்துப் பார்க்கிறார். "நேத்து மூணு லிட்டர். கொஞ்சம் ஜாஸ்தி." அறுநூறு கொய்யா மரங்களுக்குச் சொந்தக்காரியான இவரைச் சுற்றுவட்டாரமே 'லிட்டரக்கா' என்றுதான் கூப்பிடுகிறது. அவருக்கும் அதில் கொள்ளைப் பெருமை.

உர மூட்டை வந்து இறங்கினால், "இதைச் செய்யறதுக்கு எவ்வளவு எண்ணெய் எரிச்சிருப்பானுங்களோ!" என்பார். தோட்டத்தைப் பார்க்கப் போன நான் ஒரு பழத்தைக் கடித்தபோது, "ருசியா இருக்கா? ஒரு மூடி டீசல் குடிச்சிருக்கு அது" என்று சொல்லிவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். எனக்குப் புரையேறிவிட்டது.

மூன்று வருடத்துக்கு முன்பு சிரிக்கிற நிலைமை இல்லை. கிளை ஒடியக் காய்த்தும், மோட்டார் தின்றது போக வீட்டுக்குச் சொற்பமே மிஞ்சியது. தோட்டத்தை விற்றுவிடலாம் என்றார் கணவர். "ஒரே ஒரு வருஷம் என் போக்குல விடுங்க. சரிவரலைன்னா வாங்கறதுக்கு நானே ஆள் கூட்டிட்டு வரேன்" என்றார் அக்கா.

மண்ணின் ஈரம் காயாமலிருக்க மரத்தடியெல்லாம் ஒரு சாண் உயரத்துக்குச் சருகைப் பரப்பினார். தினமும் ஓடிய மோட்டார் மூன்று நாளைக்கு ஒருமுறை ஓடியது. உரத்தில் பாதியைக் குறைத்துச் சாணம் போட்டார். "மரத்தைப் பட்டினி போட்டே கொல்லப் போறா" என்று கணவர் பார்ப்பவரிடமெல்லாம் புலம்பினார். பத்து நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அக்காவுக்கும் பயம்தான். உச்சி வெயிலில் யாருக்கும் தெரியாமல் போய், சருகை விலக்கி மண்ணைத் தொட்டுப் பார்ப்பாராம். "சில்லுன்னு இருக்கும். அப்புறந்தான் எனக்குச் சோறே இறங்கும்."

அந்த வருடம் வழக்கமாகப் பத்துக் கூடை வரும் இடத்தில் ஒன்பதுதான் வந்தது. எரித்த டீசலோ பாதிக்கும் கீழே. எல்லாச் செலவும் போகக் கையில் நின்றது, முந்தைய வருடத்தைப் போல இரண்டு மடங்கு. விற்கிற பேச்சை அதன் பிறகு யாரும் எடுக்கவில்லை.

நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது பக்கத்துத் தோட்டக்காரர் வந்தார். "எண்ணெய்க்கே எல்லாம் சரியாப் போகுதுண்ணே" என்று கணவரிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "முதல்ல சருகு போடுப்பா. நான் ஆரம்பத்துலேர்ந்தே சொல்லிட்டு வரேன், யாரு கேக்கறாங்க?"

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் கூடையைத் துழாவி, இருப்பதிலேயே பழுத்த கொய்யாவை எடுத்து, துண்டில் துடைத்து, பேசிக்கொண்டிருந்த கணவரின் கையில் வைத்தார்.