என் இடுப்பைக் காப்பாற்றிய படங்கு

இன்றைக்கு வார்டில் என் இடுப்பு தப்பித்தது!

லீவு முடிந்து வேலைக்குத் திரும்பிய முதல் நாள். போன மாதம் ஒரு நோயாளியைக் கட்டிலுக்குத் தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. (அட்டெண்டன்ட் வேலையில் பாதி நேரம் தூக்குவதுதான்.)

மறுபடியும் பிடித்தால் ஸ்டோருக்கு மாற்றிவிடுவோம் என்று சொல்லியிருந்தார்கள். எனக்கு வார்டுதான் உயிர். ஸ்டோரில் போய் பெட்டிகளோடா பேசுவது?

காலையிலேயே லெச்சுமி அக்காவைக் கொண்டுவந்தார்கள். பெல்மதுளைப் பக்கத் தேயிலைத் தோட்டம். கொழுந்து பறிக்கும்போது சறுக்கி விழுந்து கால் முறிந்திருந்தது. ஆள் நல்ல வாட்டசாட்டம்!

ட்ராலியிலிருந்து கட்டிலுக்கு மாற்ற வேண்டும். நான் கையை நீட்டியதும், கூட வேலை செய்யும் சோமா அக்கா தன் சிங்களம் கலந்த தமிழில் தடுத்தார்.

"நங்கி, எபா. வேணாம் தங்கச்சி, நீங்க தொட வேணாம்."

தொடாமல் எப்படி? இருந்ததே நாங்கள் இரண்டு பேரும் நர்ஸ் மிஸ்ஸும்தான். அக்குளில் கைகொடுத்து ஒரே தம்மில் தூக்குவதுதான் எங்கள் வழக்கம்.

அப்போதுதான் மிஸ் கவனித்தார். லெச்சுமி அக்காவுக்கு அடியில், மலையில் வேலை செய்யும்போது இடுப்பில் கட்டும் பிளாஸ்டிக் படங்கு கிடந்தது. ட்ராலியில் சேறு படக்கூடாது என்று அவருடைய தங்கச்சி விரித்துவிட்டாராம். (கால் முறிந்து கிடக்கும்போதும் நம்ம ஆட்களுக்கு இந்தக் கூச்சம்!)

மிஸ் முகத்தைச் சுளித்து, முதலில் அதை உருவச் சொன்னார். சோமா அக்கா ஓரத்தைப் பிடித்து இழுத்தார்.

படங்கு தனியாக வரவில்லை. லெச்சுமி அக்காவும் சேர்ந்து நகர்ந்தார்!

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

ட்ராலியைக் கட்டிலோடு ஒட்டி நிறுத்தினோம். கட்டுப்போட்ட காலை மிஸ் தாங்கிக்கொண்டார். நாங்கள் இரண்டு பேரும் படங்கை மெதுவாக இழுத்தோம். அக்கா வழுக்கிக்கொண்டே கட்டிலுக்குப் போய்விட்டார். என் இடுப்பு மூச்சே விடவில்லை!

முகத்தைச் சுளித்த அதே மிஸ், இதைக் கழுவி வார்டிலேயே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறார். எனக்குச் சங்கடமாகிவிட்டது. கால் சரியானதும் அக்கா அதைக் கட்டிக்கொண்டுதானே மலைக்குப் போக வேண்டும்? தயங்கித் தயங்கித்தான் அவரிடம் கேட்டேன்.

"எடுத்துக்க புள்ள. எனக்கு வேற படங்கு கெடைக்கும். ஒனக்கு வேற இடுப்பு கெடைக்குமா?"

வலியிலும் அவர் சிரித்தார். எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது.

வேறு ஆஸ்பத்திரிகளில் இருக்கும் நண்பர்களே, நீங்கள் இன்னும் தூக்கிக்கொண்டுதான் இருக்கிறீர்களா?